இரவல் ஊக்கம்

ஒரு பொருளுக்குப் பெயரிடுவோர் அதன் இயல்பறிந்து பெயரிடுதலே முறையாம். பெயர் பொருளை விளக்குதற்கு எழுந்ததேயன்றி மறைத்தற்கு எழுந்ததன்று. அங்ஙனமாகவும், இக்காலத்துக் கடைத்தெருவில் விலைபோகும் பண்டங்களுட் சில தம் இயல்புக்கு மறுதலையாகிய பெயர் பூண்டு உலவுகின்றன. அவற்றுள் ஒன்று 'எனர்ஜி டிரிங்க்' என வழங்கும் குளிர்பான வகை. அப்பெயரைத் தமிழாற் கூறின் ஊக்கபானம் எனல் வேண்டும். ஊக்கமென்பது யாது, அதனைப் புட்டியில் அடைத்து விற்றல் கூடுமோ, கூடாதாயின் அப்புட்டியில் விற்கப்படுவது யாது, அதனை முதிராப் பருவத்தார் கையிற் சேர்ப்போர்க்கு உள்ள பொறுப்பு எத்தன்மைத்து என்பன ஈண்டு ஆராயற்பாலன. பள்ளியிற் பயிலும் இளையோர் பலர் இப்பானத்தை நாடோறும் பருகத் தலைப்பட்டமையின் இவ்வாராய்ச்சி வீண் சொல்லாராய்ச்சி ஆகாது.

ஊக்கமாவது ஒரு செயலை எடுத்தவிடத்து அது முடியுந்துணையும் தளராது நிற்கும் உள்ளத்தின் எழுச்சி. திருவள்ளுவனார் அதற்கு ஓரதிகாரம் வகுத்தபொழுது 'ஊக்கமுடைமை' எனப் பெயரிட்டு, அதனை ஒருவனது உடைமையாகவே வைத்தார். உடைமையாவது தன்பால் உள்ளது. பிறர்பால் இரந்து பெற்று மறுநாள் திருப்பிக் கொடுப்பது உடைமையாகாது. உள்ளத்து ஊக்கம் அன்று, உடலின் ஆற்றலே இப்பெயராற் குறிக்கப்பட்டது என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. உடலுக்கு ஆற்றல் உணவினின்றும் வருவது. அதனைப் புதுப்பிப்பது உறக்கம். இப்பானம் 250 மில்லி கொண்ட தகரக்குவளை ஒன்றிற் சற்றேறக்குறைய 27 கிராம் சர்க்கரை உளது. அது தரும் ஆற்றல் இரண்டு மூன்று இட்டலி தருவதற்கு மேற்பட்டதன்று. அதுதானும் ஒழிக, சர்க்கரை சிறிதும் சேர்க்காத வகையும் அதே பெயராலேயே விற்கப்படுகின்றது. ஆற்றல் தருவதொன்றும் அதனுள் இல்லாதிருக்கவும் ஆற்றற்பானம் எனப் பெயர் பெற்றது எங்ஙனம்? எனவே, குடிப்போர் பெறுவது சர்க்கரையின் ஆற்றலன்று, பிறிதொன்று என்பது பெறப்படும்.

அப்பிறிதொன்று காஃபீன். காப்பிக்கொட்டையினின்றும் இதனை முதன்முதற் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதிநூற் புலவராகிய ரூங்கே என்பார், ஆண்டு 1819. இதன் தொழிற்பாட்டைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையிற் கூறப்படும் அறக்கருத்து முழுதும் அத்தொழிற்பாட்டின்மேல் நிற்கின்றது. மனிதன் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவனது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகத் திரளுகின்றது. அது மூளையணுக்களின் மேலுள்ள ஏற்பிடங்களிற் சென்று பொருந்துங்கால் 'அயர்ந்தேன், இனி உறங்கல் வேண்டும்' என்னும் உணர்வு எழும். காஃபீன் வடிவால் அடினோசினை ஒருவாறு ஒத்திருத்தலின், அவ்விடங்களிற் றான் முந்திச்சென்று அமர்ந்துகொள்ளும். அமர்ந்தும் அயர்வுணர்வை எழுப்பாது. அடினோசினோ அழிந்தொழியாமல் வெளியே நிற்கும், மேன்மேலும் திரளும். காஃபீன் நீங்கியவுடன் காத்திருந்த அயர்வு முழுதும் ஒருங்கே வந்து மோதும்.

ஆகவே, இப்பானம் அயர்வைப் போக்குவதன்று. அயர்வு சொல்லும் செய்தி செவியிற் படாதவாறு தடுப்பது. பசித்து அழும் குழவியின் அழுகை கேளாதபடி கதவைச் சாத்திவிட்டு, பசி தீர்ந்தது என்று மகிழ்வாரும் உளரோ? இவ்வூக்கம் நாளைய உறக்கத்தினின்றும் இன்று எடுத்த கடன். கடன் வாங்குதல் எஞ்ஞான்றும் குற்றம் எனல் ஆகாது. தீராத தேவை வந்துழி அறிவுடையோரும் கடன் கொள்வர். ஆனால் தாம் கொள்வது கடன் என்று அறிந்து கொள்வர். கடனைக் கொடை எனப் பெயரிட்டு, கணக்கறியாதான் கையிற் கொடுப்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வழக்கு.

இது தோன்றிய வரலாறும் இதற்குச் சான்றாம். ஜப்பான் நாட்டில் 1962ஆம் ஆண்டு தைஷோ என்னும் மருந்து நிறுவனத்தார் 'லிபோவிடன் டி' என்னும் நீர்மருந்தைச் சிறு புட்டிகளில் விற்கத் தொடங்கினர். உழைத்துக் களைத்த வளர்ந்தோர்க்கே அது செய்யப்பட்டது. பின்னர்த் தாய்லாந்திற் சலியோ யூவித்யா என்னும் வணிகர் 1970களின் நடுவில் 'க்ராதிங் தேங்' என்னும் பானத்தைச் செய்தார். இரவெல்லாம் சுமையுந்து ஓட்டுவோரும் கூலியாட்களும் அதனை வாங்கிக் குடித்தனர். ஆஸ்திரியா நாட்டு டீட்ரிக் மாட்டஷிட்ஸ் என்பார் அதனைக் கண்டு, அவ்வணிகரோடு கூட்டுச் சேர்ந்து, மேனாட்டார் நாவுக்கேற்பச் சுவை மாற்றி, 1987ஆம் ஆண்டு 'ரெட் புல்' என்னும் பெயரால் ஆஸ்திரியாவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன்பின் இப்பானம் உழைப்பாளியின் கையினின்றும் மெல்ல நழுவி, விளையாட்டும் விரைவும் விரும்பும் இளையோர் கையிற் போய்ச் சேர்ந்தது. பந்தயக் கார்களின் மேலும், உயிரைப் பணயம் வைத்துப் பாய்வோர் சட்டைகளின் மேலும் அதன் குறி பொறிக்கப்பட்டது. உறக்கமின்றி உழைக்க வேண்டிய வறுமையாளன் வேறு வழியின்றிக் குடித்த ஒன்று, உறங்க வேண்டிய பருவத்தான் பெருமைக்குக் குடிப்பதாயிற்று.

இந்நாட்டில் முதலில் அது நூறு ரூபாயை ஒட்டிய விலையில் தகரக்குவளையில் விற்கப்பட்டது. அவ்விலை பள்ளிச் சிறுவன் எட்டத்தக்கதன்று. சில ஆண்டுகளில் இருபது ரூபாய்க்கு நெகிழிப் புட்டிகளில் இவ்வகைப் பானம் வரத் தொடங்கவே, சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் சோடாவுக்கு அருகே இடம்பெற்றது. விலை குறைந்தமை ஏழைக்கு நன்மை என்று சிலர் கருதக்கூடும். ஈண்டு விலையே வேலியாக இருந்தது, அவ்வேலி வீழ்ந்தது.

இப்பானங்களிற் சேர்க்கப்படும் மற்றொரு பொருள் டாரின். 1827ஆம் ஆண்டு ஜெர்மானியர் இருவர் எருதின் பித்தநீரினின்றும் இதனைப் பிரித்தெடுத்தமையின் எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பெயர் பெற்றது. இதனாற் புலால் மறுத்தோர் பலர் ஐயுறுகின்றனர். இக்காலத்துப் பானங்களிற் சேர்ப்பது வேதிமுறையாற் செய்யப்படுவது, எருதினின்றும் எடுப்பதன்று. இதனை ஈண்டுக் கூறியது, ஒரு பொருளைக் கடிவோரும் அதன்மேல் இல்லாத பழியை ஏற்றலாகாது என்பது பற்றியே. ஒரு புட்டி குடித்த அளவில் இளைஞன் மாய்ந்துவிடுவான் என அச்சுறுத்துவோரும் இவ்வாறே பிழைபடுகின்றனர். அவர் சொற் கேட்ட சிறுவன் ஒருநாட் குடித்துப் பார்த்து, ஒன்றும் நேராமை கண்டு, பின் அவர் கூறும் மெய்யையும் நம்பாது ஒழிவான்.

மெய்யாகிய தீங்கு யாதெனிற் கூறுதும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்துரையில், நலமுடைய வளர்ந்தோர்க்கு ஒருநாளைக்கு 400 மில்லிகிராம் வரையிற் காஃபீன் ஐயத்துக்கு இடமின்று என்றும், சிறார்க்கும் இளையோர்க்கும் உடல் எடையிற் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம் என்பதே அளவு என்றும் வரையறுத்தனர். எனவே 40 கிலோ எடையுள்ள மாணாக்கனுக்கு அளவு 120 மில்லிகிராம். மேற்கூறிய 250 மில்லிக் குவளை ஒன்றில் 80 மில்லிகிராம் உளது. அமெரிக்காவில் மிகுதியும் விலைபோகும் 473 மில்லிக் குவளையில் 160 மில்லிகிராம் அளவு அடங்கியிருத்தலின், அவ்வொன்றே அவனது எல்லையைக் கடந்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேற் குடிக்கலாகாது எனப் புட்டியில் அச்சிடல் வேண்டும். அவ்வச்சுரையை எழுத்துப் பிசகாமல் போற்றி 500 மில்லியோடு நின்ற சிறுவனும் 150 மில்லிகிராம் வரை உட்கொண்டவனாகின்றான். வீட்டிற் குடிக்கும் காப்பியும் தேநீரும் இக்கணக்கிற் சேர்ந்தில.

எல்லை கடந்துழி நேர்வன: நெஞ்சு படபடத்தல், கை நடுங்கல், தலைநோவு, வயிற்றுக் குமட்டல், காரணமின்றி எழும் கலக்கம், சினம். இதயத்தின் மின்னோட்டத்திற் பிறவிக்குறை உடையார் சிலர் அக்குறையை அறியாமலே வாழ்வர். அவர்க்கு இது பேரிடராகவும் முடியலாம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 18 முதல் 40 வரை அகவையுள்ள நலமுடையார் 34 பேர் ஊக்கபானத்தை ஒரு லிட்டருக்குச் சிறிது குறைந்த அளவிற் குடித்தனர். பிறிதொரு நாள் ஊக்கப்பொருள் இல்லாத போலிப்பானத்தைக் குடித்தனர். ஊக்கபானம் குடித்த நாளில் அவர்தம் குருதியழுத்தம் கூடியதும், இதயம் ஒரு துடிப்பின்பின் மீளும் இடைவெளி நீண்டதும் கருவிகளாற் காணப்பட்டன. அந்நீட்சி நான்கு மணி நேரத்தின் பின்னும் தோன்றியது. இவை பெரிய அளவிற் குடித்தார் மாட்டு, அதுவும் வளர்ந்தார் மாட்டுக் கண்டவை. ஆயினும் உடல் முதிராத இளையோர் இதனினும் வலியர் எனக் கருதுதற்கு ஏது ஒன்றுமில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தார் 2011ஆம் ஆண்டிலேயே சிறார் இளையோர் உணவில் இப்பானங்களுக்கு இடமே இல்லை என முடிவு கூறினர். சர்க்கரையாலும் புளிப்பாலும் பல்லுக்கு வரும் கேடு யாவரும் அறிந்ததாகலின் விரித்திலம்.

இவையெல்லாவற்றினும் பரவலாகிய தீங்கு உறக்கக் கேடே. 13 முதல் 18 வரை அகவையினார்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர் துணிபு. உட்கொண்ட காஃபீனிற் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். இனி, பொதுத் தேர்வுக்கு முந்திய இரவைக் கருதுக. பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் இரவு ஒன்பது மணிக்கு இருபது ரூபாய்ப் புட்டி இரண்டைக் குடித்து, 150 மில்லிகிராம் காஃபீனை உட்கொள்கின்றான் எனக் கொள்வோம். விடியல் இரண்டு மணிக்கு அதிற் பாதி அவன் குருதியில் நிற்கும். புத்தகத்தை மூடிப் படுத்தாலும் கண் மூடாது. மூடினும் ஆழ்ந்த உறக்கம் வாராது. காலை ஏழு மணிக்கு அப்பாதியிற் பாதி எஞ்சும். பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வருங்கால் காஃபீன் பெரும்பாலும் அகன்றிருக்கும். காத்திருந்த அயர்வு முழுதும் வந்து சேர்ந்திருக்கும். மேலும், பகலிற் கற்றதை மூளை நிலைபெறப் பதித்துக்கொள்வது உறக்கத்தின்கண் ஆகலின், அவன் எந்த இரவைப் படிப்புக்காக நீட்டினானோ அவ்விரவே படித்ததைக் கரைத்துவிடுகின்றது. மதிப்பெண் குறைந்தபின் அவன் கருதுவது யாது? தான் குடித்தது போதவில்லை என்பதே. அடுத்த தேர்வுக்கு மூன்று புட்டி வாங்குவான்.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். 'காப்பியும் காஃபீன் உடையதே. வைகறையிற் காப்பி குடித்துவிட்டு வழிபாட்டுக்கு அமர்வோர் இளைஞனது புட்டியைப் பழித்தல் நேர்மையோ?' எனின், இத்தடையில் மெய் உண்டு, அதனை மறைத்தற்கில்லை. காஃபீன் காப்பியில் இருப்பினும் புட்டியில் இருப்பினும் ஒன்றே. காப்பிக்கு அடிமைப்பட்டு அது கிடையாத நாளில் தலைநோவால் வீட்டாரைக் கடிந்துகொள்ளும் பெரியோர், இளைஞனுக்கு அறிவுரை கூறுமுன் தம் நிலையை எண்ணிப் பார்த்தல் நன்று. எனினும் வேறுபாடும் உண்டு. காப்பி சூடாதலின் மெல்ல உறிஞ்சிக் குடிக்கப்படுவது; கசப்புடைமையின் சிறார் இயல்பாக மிகுதி விரும்பாதது. இப்பானமோ குளிர்ந்தும் இனித்தும் இருத்தலின் வேனிலில் ஒரே மூச்சிற் குடிக்கப்படும். காப்பி ஊக்கம் தரும் எனப் பெயர் பூண்டதன்று. ஓட்டப்பந்தயத்துக்கு முன் குடித்தால் வெல்லலாம் எனச் சிறுவனை மயக்குவதுமன்று. உண்மையில் விளையாடி வியர்த்தான் ஒருவனுக்கு வேண்டுவது தண்ணீரே. நீர்மோரும் இளநீரும் அதனினும் நன்று.

மற்றொரு தடை நுண்ணியது. 'இளைஞன் தானே விரும்பி, தன் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கின்றான். வினை அவனது, பயனும் அவனது. விற்றவன் புட்டியின்மேல் உரிய எச்சரிக்கையை அச்சிட்டுள்ளான். பின்னர் அவன்மேற் பழி யாது?' என்பது. இதற்கு விடை இரு கூறாக உரைக்கப்படும்.

முதலாவது, விருப்பம் என்பது பற்றி. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்பது சித்தாந்த நூல் பயின்றார் யாவர்க்கும் உடன்பாடு. படிகம் தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல் போல, இளம்பருவத்தில் உள்ளம் தான் சார்ந்த தோழர், காட்சி, சொல் ஆகியவற்றின் நிறத்தையே தன் நிறமாகக் கொள்ளும். வளர்ந்தார் மாட்டு இவ்வியல்பு இல்லையென்பதன்று. அவர்க்கு ஆராய்ந்து விலகும் ஆற்றல் ஒருவாறு முதிர்ந்துளது. இளையோர்க்கு அது முதிர்ந்து வருவதே. முன்மூளையில் விளைவறிந்து தன்னை அடக்கும் பகுதி இருபது அகவை கடந்தும் வளர்ந்துகொண்டே இருத்தலை இக்கால மூளைநூலாரும் கூறுவர். பந்தயவீரன் கையிற் புட்டியைக் கண்டு அதனை நாடும் பதினான்கு அகவையானது விருப்பம், பெரும்பாலும் அப்படத்தை வரைவித்தாரது விருப்பமே அவன் உள்ளத்தில் ஏறி நிற்பது. அதனை அவனது தனி விருப்பம் எனச் சாதித்து, அதன் பயன் முழுவதையும் அவன் தலையிற் சுமத்துவது வழக்கறியார் கூற்றாம்.

இரண்டாவது, எச்சரிக்கை என்பது பற்றி. இந்நாட்டு விதிப்படி, சிறார்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் பாலூட்டும் தாயர்க்கும் காஃபீன் ஒவ்வாதார்க்கும் இது பரிந்துரைக்கத் தக்கதன்று எனப் புட்டியிற் பொறித்தல் வேண்டும். பொறிக்கவும் படுகின்றது. ஆனால் எம்மொழியில்? ஆங்கிலத்திலேனும் இந்தியிலேனும் இருந்தாற் போதும். எவ்விடத்தில்? புட்டியின் பின்புறத்துச் சிற்றெழுத்தில். முன்புறத்தோ, மின்னலும் எருதும் போன்ற பெருவடிவங்கள் எழுத்தறியாதானும் அறியும் மொழியிற் பேசுகின்றன. பின்புறம் விலக்கி, முன்புறம் அழைக்கும் ஒருவன் மெய்யாக விலக்கினான் ஆவனோ? எச்சரிக்கை என்பது கேட்போன் தீங்கினின்றும் விலகுதற்பொருட்டுச் சொல்லப்படுவது. அது கேட்போனைக் காக்காமல், சொல்வோனை வழக்கினின்றும் காத்தற்கு மட்டுமே பயன்படுமாயின், எச்சரிக்கை என்னும் பெயரும் ஊக்கபானம் என்னும் பெயர் போலவே பொருளுக்கு மாறுபட்டதாகின்றது. கிணற்றுக்கு மதில் கட்டாது, 'ஈண்டுக் கிணறுளது' என ஓலையில் எழுதிக் கிணற்றுள்ளே போட்டானை ஊரார் விடுதலை செய்வரோ?

செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் ஆகிய மூவர்க்கும் வினையிற் பங்குண்டு என்பது அறநூல் வழக்கு. ஈண்டுச் செய்தான் இளைஞன். அவன் பங்கு அவனது அறிவின் அளவிற்று. செய்வித்தார், இதனை இளையோர்க்கு ஏற்பச் சுவையூட்டிப் படம் வரைந்து விலை குறைத்துப் பரப்பினோர். அறிந்தே செய்தலின் அவர் பங்கு பெரிது. பெட்டிக்கடைக்காரரை அவரோடு ஒருங்கு வைத்தல் முறையன்று. அவர் பெரும்பாலும் அச்செழுத்தைப் படித்தறியாதவர்; பக்கத்துக் கடையில் விற்பதைத் தாமும் விற்பவர். ஒருமுறை எடுத்துச் சொன்னால், சீருடையணிந்து வரும் சிறுவனுக்கு அதனைக் கொடாது எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுப்பார் அவருட் பலர் உளர்.

உடன்பட்டார் யாவர்? இவ்விடத்தே தான் வழக்கு வீட்டினுள் நுழைகின்றது. வைகறை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்பு, பின் பள்ளி, மாலையில் மீண்டும் தனிப்பயிற்சி, இரவிற் பாடம் எழுதுதல், ஞாயிறன்று தேர்வு. இவ்வாறு ஒருநாளைப் பதினேழு பதினெட்டு மணிநேர உழைப்பாக வகுத்துக் கொடுத்தவர் பெற்றோரும் ஆசிரியரும். எட்டு மணி உறக்கம் வேண்டிய உடம்புக்கு ஐந்து மணியே விட்டுவைத்து, எஞ்சிய அயர்வை அவன் யாதாயினும் செய்து வெல்லட்டும் என எதிர்பார்க்கின்றனர். சில வீடுகளிற் பெற்றோரே புட்டியை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, 'படிக்கும் பிள்ளைக்குத் தெம்பு வேண்டும்' என அன்பினாற் கொடுக்கின்றனர். அன்பு மெய்யே, அறிவு உடன்செல்லவில்லை. தாய்லாந்துச் சுமையுந்து ஓட்டி வறுமையால் இழந்த உறக்கத்தை, இம்மாணாக்கன் வறுமையின்றியும் இழக்கின்றான். உடம்பு உயிர்க்கு வாய்த்த கருவி. கல்வி அக்கருவி கொண்டு பெறும் பயன்களுள் ஒன்று. பயனை விரைந்து பெறுதற்பொருட்டுக் கருவியை முறிப்பான் ஒருவனைத் தச்சரும் நகுவர். புட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அட்டவணையை மாற்றாது விடும் தந்தை தன் பங்கினின்றும் நீங்கினான் ஆகான். அவன் மைந்தன் வேறொன்றை நாடுவான். மாத்திரையாகவும் அது இருக்கக்கூடும்.

பொறுப்பை இளைஞனிடத்தே விட்டுவிடுதல் தகாது எனச் சில நாட்டரசுகள் துணிந்துள்ளன. லித்துவேனியா 2014ஆம் ஆண்டிலும், லாட்வியா 2016ஆம் ஆண்டிலும், 18 அகவை நிரம்பாதார்க்கு இப்பானம் விற்றலைத் தடுத்தன. போலந்து 2024 சனவரி முதல் நாளினின்றும் அவ்வாறே தடுத்ததோடு, பள்ளிகளிலும் காசிட்டு எடுக்கும் விற்பனைப் பொறிகளிலும் அதனை விலக்கியது. ஐயம் எழுந்துழி அகவைச் சான்று கேட்டல் ஆண்டு விற்பவர் உரிமை. பிரிட்டனிற் பெருங்கடையினர் பலர் 2018ஆம் ஆண்டு, சட்டம் வருமுன்னரே, 16 அகவை நிரம்பாதார்க்கு விற்பதில்லை எனத் தாமே நிறுத்தினர். இவ்விறுதிச் செய்தி கருதத்தக்கது. ஊதியம் குறையும் என்று அறிந்தும், பின்புறத்து அச்செழுத்தோடு தம் கடமை முடிந்தது எனக் கொள்ளாத வணிகரும் உலகத்தில் உளர் என்பது இதனாற் றெளியப்படும். சட்டத்தால் எல்லாம் கூடுமோ எனின், கூடாது. தமையன் வாங்கித் தம்பிக்குக் கொடுத்தலைச் சட்டம் காணாது. எனினும் முன்னர் விலை செய்துவந்த வேலித்தொழிலை அது மீண்டும் செய்யும்.

இனி, இதற்குப் பழகிவிட்ட இளைஞனை மீட்கும் முறை. காஃபீனை நாடோறும் உட்கொண்டான் ஒருவன் அதனைத் திடுமென விடின், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துள் தலைநோவும் சோர்வும் எரிச்சலும் தோன்றும். ஓரிரு நாளில் அவை மிகும். பின்னர்த் தணிந்து, இரண்டு முதல் ஒன்பது நாளில் நீங்கும். இதனை அறியாத பெற்றோர், விட்டமையாற் பிள்ளை நோயுற்றான் எனக் கலங்கி, தாமே மீண்டும் வாங்கிக் கொடுத்தலும் உண்டு. ஆகலின் ஒருங்கே நிறுத்தாது, இரண்டு புட்டியை ஒன்றாக்கி, ஒன்றைப் பாதியாக்கி, மாலைக்குப் பின் குடிப்பதை முதலில் ஒழித்து, படிப்படியாகக் குறைத்தல் எளிது. நெஞ்சு படபடப்போ மயக்கமோ முன்னர்க் கண்டிருப்பின் மருத்துவரிடம் காட்டி, குடித்த அளவை ஒளியாது கூறல் வேண்டும். கடிந்துகொள்வர் என்னும் அச்சத்தால் இளையோர் மறைப்பது பெரும்பாலும் அதனையே. அந்நாட்களிற் படிப்பு மந்தமாகவே நடக்கும். தேர்வுக்கு ஒரு திங்கள் முன்னரே தொடங்குதல் வேண்டும். தேர்வு வாரத்திற் றொடங்கின், தலைநோவோடு அவனைத் தேர்வறைக்கு அனுப்பியதாக முடியும்.